ஓடாத கடிகாரத்துக்கு முதல் மரியாதை

பத்தொன்பது வருடமாகச் செல்லமுத்து ஒரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தார். பொய் வட்டமாக இருந்தது. வெள்ளை முகமும் சங்கிலியும் வைத்திருந்தது. அதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தாலாவது தேவலை. வருடம் தவறாமல் பங்குனிப் பொங்கல் அன்று முந்நூறு பேர் பார்க்க வெளியே எடுத்து, காதோரம் வைத்துக் கேட்டு, தலையை இரண்டு தரம் ஆட்டி, "அம்மா, நேரம் ஆச்சு!" என்று அறிவித்துக்கொண்டும் இருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களை நமக்குத் தெரியும். இவர் பூசணிக்காயை நடு இலையில் வைத்துவிட்டு, அது சோறுதான் என்று சாதித்தவர்.

கடிகாரம் ஓடவில்லை. அவ்வளவுதான் பொய். ஆனால் அந்தப் பொய்யின் மேல்தான் அவருடைய மானம், மரியாதை, பட்டுத் துண்டு எல்லாம் உட்கார்ந்திருந்தன.

கொல்லிமலையில் வாசலூர்பட்டி ஏரிக்குப் படகு விட வருகிறவர்கள் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு சரிவில் மொச்சக்காட்டுப்பட்டி இருக்கிறது. அங்கே மாரியம்மன் பொங்கலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஊரில் இருக்கிற பெண்களும், கட்டிக்கொடுத்து வெளியூர் போன பெண்களும் கோயில் முன்னால் கல் கூட்டி வரிசையாகப் பானை வைப்பார்கள். பூசாரி முதல் அடுப்பைப் பற்றவைத்துவிட்டால் வரிசை மூடிவிடும். பிறகு வந்து சேருகிற மகள், எத்தனை அழுதாலும் அந்த வருடம் பானை வைக்க முடியாது. வெறும் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாமியார் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அதைவிடப் பெரிய அவமானம் அந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கிடையாது.

அடுப்பைப் பற்றவைக்க நேரம் சொல்கிற உரிமை செல்லமுத்துவின் வீட்டுக்கு. மலையில் வேறு எவரிடமும் கடிகாரம் இல்லாத காலத்தில் அவருடைய பூட்டனுக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை பாக்கெட் கடிகாரம் கொடுத்தாராம். அன்றிலிருந்து அது மணிக்காரர் வீடு. நேரம் சொன்னவுடன் முதல் தாம்பூலமும் பட்டுத் துண்டும் மணிக்காரருக்குத்தான். மற்ற நாட்களில் செல்லமுத்து மிளகும் காப்பியும் போட்டிருக்கிற சாதாரண மனிதர். அந்த ஒரு நாள் மட்டும் ஊரே அவர் வாயைப் பார்க்கும். ஒரு மனிதனுக்கு வருடத்தில் ஒரு நாள் போதாதா?

அவருடைய அப்பா இருந்தவரை கடிகாரம் ஒழுங்காக ஓடியது. சோசியர் பத்தரை என்றால் அப்பா பத்தரைக்குச் சொல்லிவிடுவார். பஸ் வந்ததா, மகள்கள் வந்தார்களா என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அப்பா இறந்துபோன வருடம் ஆயுத பூசையில் செல்லமுத்து புதுப் பொறுப்பின் உற்சாகத்தில் கடிகாரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததோடு நிற்காமல், மூடியைத் திறந்து ஒரு கரண்டி விளக்கெண்ணெயும் விட்டார். மண்வெட்டி, மிளகு தூற்றும் மிஷின், சைக்கிள் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விடும்போது இதை மட்டும் விட்டுவைப்பது பாரபட்சம் என்று நினைத்தார் போலும். ஒரு வாரத்தில் கடிகாரம் நாலே காலில் நின்றது.

அடுத்து வந்த பங்குனியில் அவர் செத்த கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேர்த்து நின்றார். எப்போது சொல்வது என்று தெரியவில்லை. நின்றார், நின்றார், ஒரு மணி நேரம் நின்றார். அதற்குள் வழியில் பஞ்சராகிக் கிடந்த லாரி ஒன்று வந்து மூன்று மகள்களை இறக்கிவிட்டது. அவர்கள் பானை வைத்ததும் ஏதோ ஒரு தைரியத்தில் "நேரம் ஆச்சு" என்று கத்திவிட்டார். ஊர் குலவை போட்டது. அன்று முதல் அவருடைய நேரம் அதுதான். பஸ் வரும், பெண்கள் வருவார்கள், பூசாரி குளித்து வருவார், பிறகு நேரம் ஆகும். ஊரார் கையில் செல்போன் வந்த பிறகும் இது மாறவில்லை. பங்காளி தனபால் மட்டும் ஒவ்வொரு வருடமும் போனைத் தூக்கிக் காட்டுவான்.

"செல்லுல பத்தே முக்கால் ஆச்சுங்கண்ணா."

"செல்லு டவரைப் பாத்து ஓடுது தம்பி. இது தாயைப் பாத்து ஓடுது" என்பார் செல்லமுத்து, கண்ணை இமைக்காமல்.

தனபாலுக்கு அந்தப் பட்டுத் துண்டின் மேல் வெகுநாளாக ஒரு கண். கடிகாரம் செத்தது தெரிந்தால் மரியாதை தனக்கு வந்துவிடும் என்று அவன் காத்திருப்பதாகச் செல்லமுத்து நம்பினார். அதனால் கட்டின பெண்டாட்டி குப்பாயியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர் கடிகாரத்தை விற்கத் துணிந்ததற்குக் காரணமும் குப்பாயிதான். அவர்கள் வீடு மேட்டில், ஊற்று பள்ளத்தில். ஐந்நூறு அடி ஏற்றத்தைக் குடத்தோடு ஏறி ஏறி அவளுடைய முழங்கால் முருங்கைக்காய் முறிகிற மாதிரி சத்தம் போட ஆரம்பித்திருந்தது. ஊற்றில் ஒரு மோட்டாரும் வீடு வரைக்கும் குழாயும் போட்டால் தீர்ந்தது. மிளகு விலையை நம்பினால் அவள் அறுபதாம் கல்யாணத்துக்கும் குடத்தோடுதான் வருவாள்.

தை மாதம் சேலத்திலிருந்து ராதிகா என்ற பெண் வந்தாள். பழைய சாமான் வாங்கி விற்கிறவள். பொங்கல் படம் ஒன்றை யாரோ போனில் போட்டிருந்ததில், செல்லமுத்துவின் கையில் இருந்த வட்டத்தைப் பார்த்துவிட்டுத் தேடிக்கொண்டு வந்திருந்தாள். குப்பாயி ஊற்றுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அவர் கடிகாரத்தை எடுத்துக் காட்டினார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது மேல எத்தனை வருசச் சந்தனம் இருக்குதுங்க?"

"வருசா வருசம் வெப்பமுங்க அம்மணி. பழசைச் சுரண்டறது பாவமில்லீங்களா?"

"இப்படியே வெச்சுப் பாத்தா வெலை சொல்ல முடியாதுங்க. திறந்து பாக்கோணும். சந்தை நாளன்னைக்குப் பேளுக்குறிச்சிக்கு எடுத்துட்டு வாங்க. அங்க சசிதரன்னு ஒரு மெக்கானிக் இருக்கறாரு."

"வாரேனுங்க. ஆனா எங்க ஊருல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது."

சந்தை நாள் காலையில் மிளகு விற்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். "மிளகு இன்னும் கொடியிலதானுங்களே இருக்குது" என்றாள் குப்பாயி. "வெலை கேட்டுட்டு வாரேன்" என்று சமாளித்தார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. பெண்டாட்டி மேற்கொண்டு கேட்காவிட்டால் ஆண்பிள்ளைகள் தாங்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மலை ரோட்டின் எழுபது வளைவும் இறங்குகிற வரை செல்லமுத்துவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனார்.

சசிதரனின் கடையில் செல்போன் உறைகளுக்கு நடுவில் ஒரு சின்ன மேஜை. கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு அவன் பின்மூடியை நெம்பினான். குப்பென்று பழைய விளக்கெண்ணெய் வாசனை வந்தது. உள்ளே எண்ணெய் பிசினாக இறுகி, அதில் சந்தனத் துகளும் குங்குமமும் ஒட்டி, ஓரத்தில் ஒரு செத்த எறும்பும் இருந்தது.

"அண்ணா, இதுக்குள்ள ஆயுத பூசையே நடந்திருக்குதுங்க" என்றான் சசிதரன். "ஆருங்க எண்ணெய் ஊத்துனது?"

"எங்கப்பனுங்க" என்றார் செல்லமுத்து. செத்துப்போனவர்கள் மறுத்துப் பேசுவதில்லை.

ராதிகா ஈரப் பஞ்சால் மூடியின் உட்பக்கத்தைப் பொறுமையாகத் துடைத்தாள். பிசுக்கு கரையக் கரைய மூன்று சின்ன முத்திரைகள் தெரிந்தன. காலைத் தூக்கி நடக்கிற சிங்கம் ஒன்று, நங்கூரம் ஒன்று, எழுத்து ஒன்று.

"சிங்கம் இருந்தா சுத்த வெள்ளி. நங்கூரம்னா சீமையில பர்மிங்காமுங்கற ஊரு. இந்த எழுத்து வருசத்தைச் சொல்லும்." போனில் ஒரு பட்டியலை வைத்துத் தேடினாள். "நூத்துப் பதினெட்டு வருசம் ஆச்சுங்க."

செல்லமுத்து அசந்துபோனார். ஊரில் அதை வெள்ளிக் கடிகாரம் என்று அவர்தான் சொல்லிவந்தார். ஈயமாக இருக்கும் என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம். தான் சொன்ன பொய்களில் ஒன்று இப்படித் திடீரென்று உண்மையாகிவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

வெளிப்பக்கத்தில் பூவேலை இருந்த இடம் பாதி மழுங்கியிருந்தது. "புளி போட்டுத் தேச்சீங்களா?" என்று ராதிகா கேட்ட தோரணை குழந்தையை அடித்தாயா என்று கேட்பது போல இருந்தது.

"எங்கப்பன் இருந்தப்ப ஊட்டுக்காரி குத்துவெளக்கோட சேத்துத் தேப்பாளுங்க."

"இனி தொடக் கூடாதுங்க. சசி, நீயும் பளபளன்னு ஆக்கிராத. அழுக்கு போகோணும், பழமை போகக் கூடாது. முகத்துல இருக்கற கீறலும் அப்படியே இருக்கட்டும்."

சசிதரன் சக்கரம் சக்கரமாகப் பார்த்தான். பெரிய ஸ்பிரிங் முறியவில்லை. சக்கர அச்சுகளின் ஊசிமுனைகள் தேயவில்லை. ஒன்றுமே கெடவில்லை, எண்ணெயில் மூழ்கி மூச்சு முட்டியிருக்கிறது, பெட்ரோலில் கழுவி ஊசிமுனையில் சொட்டுச் சொட்டாக வேறு எண்ணெய் வைத்தால் ஓடும் என்றான்.  பத்தொன்பது வருடத்துப் பொய்க்கு ஒரு கரண்டி விளக்கெண்ணெய்தான் விதை என்று செல்லமுத்துவுக்கு இப்போது தெரிந்தது.

விலைக்கு வந்தார்கள். அவருடைய தேவை தெரிந்ததால் ராதிகா அவருக்குப் புரிகிற அளவிலேயே சொன்னாள்.

"இப்படியே குடுத்தா மோட்டாருக்கே காணாதுங்க. ஓட வெச்சா மோட்டாரும் எரநூறு அடி குழாயும் வரும். இதோட கதை உறுதியா இருந்துச்சுன்னா ஊடு வரைக்கும் குழாய் போட்டுக்கலாம். துரை எதுக்குக் குடுத்தாருங்க?"

செல்லமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவர் ஆயிரம் தரம் சொன்ன கதை. துரையைக் கரடி துரத்தியது. யானைக் குட்டி உயரம். பூட்டன் ஒற்றை ஆளாகக் கொடுவாளோடு பாய்ந்து அதை இரண்டு துண்டாக்கினார். ராதிகா நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "எழுதிக் கையெழுத்துப் போடுங்க. வாங்கறவங்க கேப்பாங்க."

கையெழுத்து என்றதும் கரடி கொஞ்சம் இளைத்தது. இரண்டு துண்டாக வெட்டவில்லை, விரட்டினார் என்றார். கரடி என்று சொல்கிறார்கள், காட்டுப்பன்றியாகவும் இருக்கலாம் என்றார். பேனா மூடியைத் திறந்தபோது கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது.

"துரை குதிரையில இருந்து எறங்கறப்ப வழுக்கி உழுந்துட்டாருங்க. எங்க பூட்டன் தூக்கி உட்டு, முதுகுத் துணியைத் தட்டி உட்டாரு. அவ்வளவுதானுங்க அம்மணி."

"இது நல்ல கதைங்க" என்று ராதிகா சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். "இதை ஆரும் கட்டிச் சொல்ல மாட்டாங்க. அப்புறம், பொங்கலுக்கு நான் வந்து, நீங்க இதைப் பாத்து நேரம் சொல்றதை வீடியோ எடுத்துக்கறேன். ஊரே இந்தக் கெடியாரத்தைப் பாத்துத்தான் நடக்குதுன்னு தெரிஞ்சா வெலையே வேறங்க. முடிஞ்சதும் கையோட வாங்கிக்கறேன்."

விற்றுவிட்டால் அடுத்த வருடம் எதைக் காட்டி நேரம் சொல்வது என்று செல்லமுத்து யோசித்தார். அப்போதுதான் சசிதரனின் இழுப்பறையில் இன்னொரு வட்டக் கடிகாரம் கண்ணில் பட்டது. ஏறக்குறைய அதே அளவு, அதே வெள்ளை முகம்.

"அது ஓடாதுங்கண்ணா" என்றான் சசிதரன். "உள்ள பாதி சாமானே இல்ல."

"எப்பவுமே ஓடாதுங்களா?"

"ஓடாதுங்க."

"கேரண்டியா?"

இருபது வருடத் தொழிலில் இப்படி ஒரு கேரண்டியை எவரும் சசிதரனிடம் கேட்டதில்லை. செல்லமுத்துவோ அதை வாங்கி மடியின் இடது பக்கத்தில் செருகிக்கொண்டு, வந்த வேலை முடிந்தவராகத் தேநீர் குடிக்கப் போனார். கணக்கு சுலபமாகத்தான் இருந்தது. ஓடுகிறதை விற்றுவிட வேண்டியது, ஓடாததை வைத்து நேரம் சொல்ல வேண்டியது. குப்பாயிக்குத் தண்ணீர், தனக்கு மரியாதை, தனபாலுக்குப் பட்டை நாமம்.

மூன்று வாரம் கழித்து உயிரோடு வந்த கடிகாரத்தை அரிசிக் குண்டாவுக்குள் புதைத்து வைத்தார். சாயந்திரமே குப்பாயி வந்து, "குண்டாவுக்குள்ள என்னமோ சத்தம் கேக்குதுங்க" என்றாள். "பல்லி" என்றார். டிக், டிக் என்று எண்ணி எண்ணிச் சொல்கிற பல்லியை அவள் பார்த்ததில்லை. ஆனாலும் "நல்ல சகுனமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பொங்கல் வந்தது. சோசியர் வைத்த நேரம் பத்தரை. கோயில் முன்னால் நாற்பதுக்கு மேல் பானைகள் வரிசையில் உட்கார்ந்திருந்தன. நடுநடுவே கல் கூட்டி ஏழு அடுப்புகள் வெறுமனே காத்திருந்தன. பஸ்ஸில் வருகிற மகள்களுக்கு அவை. அதில் ஒன்று தனபாலின் மகள் ஆர்த்திக்கு. கல்யாணம் ஆகி முதல் பொங்கல். மாமியார் வீட்டார் பார்க்க முதல் பானை. தனபாலின் மனைவி அருணா அந்தக் கல்லை நாலு தரம் கழுவிக் கோலம் போட்டு, பக்கத்திலேயே காவல் இருந்தாள்.

ராதிகா போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு செல்லமுத்துவின் தோளை ஒட்டி நின்றாள். வலது மடியில் ஓடுகிறது, இடது மடியில் ஓடாதது. ஓடுகிறதை எடுத்தார். பத்து இருபத்தொன்பது. முகத்தில் இருந்த சின்ன வட்டத்துக்குள் விநாடி முள் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் அவசரத்தைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்தது. பத்தரை ஆனது. பஸ் வரவில்லை.

"ஐயா, நேரம் ஆச்சுங்களே" என்று ராதிகா கிசுகிசுத்தாள்.

அவர் ரோட்டைப் பார்த்தார். சொன்னால் ஏழு பெண்கள் வெறும் பானையோடு திரும்புவார்கள். சொல்லாவிட்டால் இந்தக் கடிகாரத்தை இந்த ஊரில் யாரும் சட்டை செய்வதில்லை என்பது வீடியோவில் பதியும், குழாய் பாதி வழியில் நின்றுவிடும், குப்பாயி மறுபடியும் குடத்தைத் தூக்குவாள். பத்து முப்பத்திரண்டு. பத்து முப்பத்து மூன்று. இந்தச் சனியன் யாருக்காகவும் ஒரு நிமிடம் நிற்காது போலிருந்தது. அப்பா இதை வைத்துக்கொண்டு எப்படித்தான் ஒவ்வொரு வருடமும் அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்தாரோ என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்திலும் பதற்றத்திலும் அதை மடியில் திணித்துவிட்டு, பழக்க தோஷத்தில் இடது பக்கத்தில் இருந்ததை எடுத்து உயர்த்தி, "இன்னும் ஆகுல!" என்றார்.

"ஐயா, இது அது இல்லீங்களே!" என்று ராதிகா உரக்கச் சொல்லிவிட்டாள்.

விறகு அடுக்கிக்கொண்டிருந்த ஆத்தாயி நிமிர்ந்தாள். பொங்கல் வரிசைக்கு அவள்தான் மேஸ்திரி. பூசாரி உட்பட எல்லோரையும் அதட்டுகிற உரிமை அவளுக்கு உண்டு. நேராக வந்து அவர் கையில் இருந்ததைப் பிடுங்கினாள். மடியில் துருத்திக்கொண்டிருந்த சங்கிலியைப் பிடித்து மற்றதையும் உருவினாள். ஒன்றை ஒரு காதில் வைத்தாள், இன்னொன்றை இன்னொரு காதில் வைத்தாள். அவள் முகம் மாறியது.

"ஐயோ சாமி! இது ஓடுது!"

கூட்டம் கூடிவிட்டது. ஈர வேட்டியோடு ஓடி வந்த பூசாரி மாரப்பன் தானும் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, இழவு வீட்டுக்காரர் மாதிரி தலையை ஆட்டினார்.

"ஆரைக் கேட்டு ரிப்பேரு பண்ணுன?" என்றாள் ஆத்தாயி. "பத்தொம்பது வருசமா ஒரு வம்பில்லாம இருந்ததைப் போயி ஓட உட்டுருக்கறயே!"

செல்லமுத்து இரண்டடி பின்வாங்கினார். "அக்கா... அது ஓடாதுன்னு உங்களுக்கு..."

"ஏப்பா, வருசா வருசம் நாலே காலைக் காட்டுனா எங்களுக்குக் கண்ணு இல்லையா? பொங்கல் காலையில வெக்கறமா, சாயந்திரம் வெக்கறமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இத்தனை வருடமாக முள்ளை ஊருக்குக் காட்டிக்கொண்டே நின்றது அப்போதுதான் செல்லமுத்துவுக்கு உறைத்தது. திருடனுக்குத் தேள் கொட்டியது போலக் குப்பாயியைத் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"உனக்குமா?"

"நின்ன வாரமே தெரியுமுங்க. சொன்னா சரி பண்ணிப்போட்டு உங்கப்பன் மாதிரி நேரத்துக்குச் சொல்ல ஆரம்பிச்சிருவீங்க. உங்க அக்கா தங்கச்சி மூணு பேரும் பஸ்ஸுலதானுங்களே வாராங்க?"

இந்தச் சிரிப்பில் சேராதவன் தனபால் ஒருவன்தான். அவன் முன்னால் வந்து, செத்த கடிகாரத்தை ஆத்தாயியிடமிருந்து வாங்கி உயர்த்திப் பிடித்தான். "சிரிச்சது போதுமுங்க. பொய்யின்னு ஆகிப் போச்சு. பொய் சொன்ன ஊட்டுக்கு எதுக்கு முதல் மரியாதை? ஓடற நேரம் ஆருகிட்ட இருக்குதோ அவங்க சொல்லட்டும்."

செல்லமுத்து வாதாடவில்லை. இனி மறைக்க என்ன இருக்கிறது? ஓடுகிற கடிகாரத்தை ஆத்தாயியிடம் கேட்டு வாங்கி ராதிகாவின் கையில் வைத்தார். "தண்ணி லைனுக்காக இதை இந்த அம்மணிக்கு விக்கறேனுங்க. இனி எங்கூட்டுல கெடியாரமே இல்லை. தனபாலு, நீயே சொல்லு" என்றார். தாம்பூலத் தட்டில் தனக்காக வைத்திருந்த பட்டுத் துண்டை எடுத்து அவன் தோளில் போட்டார். வேண்டாம் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று வெட்கமில்லாமல் மனசு கெஞ்சியது.  எல்லோரும் தனபாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தனபால் துண்டைச் சரிசெய்துகொண்டு போனை உயர்த்தினான். "பத்து நாப்பத்தொண்ணு. முகூர்த்தம் தாண்டியாச்சு. பூசாரி, சூடத்தைப் பத்த வையுங்க."

"அட பாவி மனுசா!" என்று அருணா அலறினாள். "ஆர்த்தி வரட்டும்!"

அதே நேரத்தில் அவன் கையில் இருந்த போன் அடித்தது. பதறி அழுத்தியதில் குரல் ஸ்பீக்கரிலேயே வந்தது.

"அப்பா, அம்பதாவது வளைவுல ஒரு லாரி குறுக்க நின்னுபோச்சுப்பா. பஸ்ஸு பின்னாடி மாட்டிக்கிச்சு. பத்த வெச்சராதீங்கப்பா! எங்க மாமியாரும் கூட வாராங்க. அப்பா, கேக்குதாப்பா?"

கேட்டது. ஊருக்கே கேட்டது. போனில் பத்து நாற்பத்திரண்டு ஆனது. பூசாரி சூடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தார். தனபால் போனைப் பார்த்தான், கோலம் போட்ட வெறும் கல்லைப் பார்த்தான். இத்தனை வருடம் ஆசைப்பட்ட துண்டு தோளில் கிடக்க, அவன் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

மெல்ல நடந்து வந்து துண்டை எடுத்துச் செல்லமுத்துவின் தோளில் போட்டான். செத்த கடிகாரத்தை அவர் முன் நீட்டினான்.

"அண்ணா, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றான்.

செல்லமுத்து அதை வாங்கிக்கொள்ளவில்லை. "வெச்சுக்க தம்பி" என்று சொல்லிவிட்டு, பஸ் வருகிற பக்கம் முகத்தைத் திருப்பி நின்றுகொண்டார்.

ஊர் காத்திருந்தது. ஆத்தாயி எல்லோருக்கும் பானகம் கொடுத்தாள். ராதிகா ஓரமாக உட்கார்ந்து நோட்டில் என்னவோ எழுதி, அவரிடம் கையெழுத்துக் கேட்டு நீட்டினாள். மணிக்காரர் வீட்டுக் கடிகாரம் இந்த ஊரில் பத்தொன்பது வருடம் நின்றபடியே நேரம் சொன்னது, ஓட ஆரம்பித்த நாளில் ஊர் அதை ஒத்துக்கொள்ளவில்லை என்று இருந்தது. படித்துவிட்டு அவர் தயங்கினார்.

"இதனால வெலை போயிருச்சுங்களா அம்மணி?"

"கரடியை விட இது மேலுங்க. குழாய் ஊடு வரைக்கும் வரும்."

வெயில் உச்சிக்கு ஏறப் பார்த்த நேரத்தில் கீழ் வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பெண்கள் பானையோடு இறங்கி ஓடி வந்தார்கள். தலை கலைந்து, மூச்சு வாங்கி, முதல் ஆளாக ஆர்த்தி வந்து கல்லின் மேல் பானையை வைத்தாள். ஒன்று, இரண்டு என்று செல்லமுத்து பார்த்தார். ஆறு பானைதான் ஆகியிருந்தது. பூசாரி சூடத்தை எடுக்க, இரு என்று கையைக் காட்டினார். கடைசிப் பெண் கைக்குழந்தையோடு மெதுவாக ஏறி வந்தாள். அவளுடைய பானையும் உட்கார்ந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்கிற வரைக்கும்கூட அவர் பொறுத்திருந்தார்.

பிறகு பழக்கத்தில் கையை உயர்த்தி உள்ளங்கையைப் பார்த்தார். அதில் மிளகுக் கொடி கட்டிக் காய்த்த காய்ப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

"அம்மா, நேரம் ஆச்சு!"

குலவைச் சத்தம் சரிவெல்லாம் கேட்டது. ராதிகாவின் மடியில் கடிகாரம் பதினொன்று ஐம்பத்திரண்டு காட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.